வயதான அம்மாவைப் பாலைவனக் கூடாரத்தில் தங்கவைக்கலாமா?

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் கிடைத்திருக்கிறது. மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 68 வயது அம்மா எல்லாரும் சேர்ந்து போகிறீர்கள். பயண முகவர் 'வழிகாட்டியுடன் பாலைவனச் சுற்றுலா, சொகுசுக் கூடாரத்தில் ஓர் இரவு' என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார். ராஜஸ்தானா துபாயா என்று முடிவுக்கு வர முடியவில்லை. இதுதான் நீங்கள் கேட்டது. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: அம்மா இன்சுலின் போட்டுக்கொள்பவர், முழங்கால் வலி உண்டு, "எனக்கென்ன, எங்கே கூட்டிப்போனாலும் வருவேன்" என்கிறார். அந்த வரியைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். எந்தப் பாலைவனம் என்பது இரண்டாவது கேள்வி. அம்மா அங்கே ஓர் இரவை நிம்மதியாகக் கழிக்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

முடியும். எண்பதைத் தாண்டியவர்களைக்கூட நான் கூட்டிப்போயிருக்கிறேன். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சிறிய பயண அலுவலகத்தில் 19 ஆண்டுகள் குழுத் தலைவராக வேலை பார்த்தேன். என்னோடு வந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்த் தமிழ்க் குடும்பங்கள், மூத்தோர் குழுக்கள். ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கும் துபாய் இருக்கும் அமீரகத்துக்கும் பல முறை, ஓமானுக்குச் சில முறை, ஜோர்தானின் வாடி ரம்முக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆகவே கீழே சர்க்கரை நோய் பற்றிச் சொல்வதைப் பாலிகிளினிக் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றவற்றை நேரில் பார்த்ததிலிருந்து சொல்கிறேன்.

முதலில் கழிப்பறை. சிரிக்க வேண்டாம், இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது ஆண்டு, ஒரு முகாமில் கழிப்பறைகள் கூடாரங்களிலிருந்து ஐம்பது அறுபது அடி தள்ளி இருந்தன. இருட்டு, குளிர், காலடியில் மணல். எங்கள் குழுவில் இருந்த ஓர் அம்மா மதியம் மூன்று மணியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். இரவில் எழுந்து போக வேண்டியிருக்குமே என்ற பயம். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் எழுந்தபோது தலைசுற்றி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சர்க்கரை இருந்தது. நல்லவேளை, நீர்ச்சத்து உப்புக் கரைசல் கொடுத்து ஒரு மணி நேரத்தில் தேறிவிட்டார். அன்றிலிருந்து எந்த முகாமாக இருந்தாலும், கூடாரத்தோடு ஒட்டிய கழிப்பறை உண்டா, அது மேலைநாட்டு வகையா, இரவு முழுவதும் விளக்கு எரியுமா என்ற மூன்றையும் கேட்காமல் நான் முன்பதிவு செய்ததில்லை. வயதானவர்கள், அதிலும் நம் அம்மாக்கள், கழிப்பறை எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று தீர்மானிக்கிறார்கள். அதனால் இதை வசதிக் கணக்கில் வைக்காதீர்கள், உடம்புக் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே வியர்த்தால் சட்டை நனைகிறது, உடம்பு கசகசக்கிறது, உடனே தாகம் ஞாபகத்துக்கு வருகிறது. அங்கே காற்று வறண்டது. வியர்வை தோலுக்கு வந்த கையோடு ஆவியாகிவிடும். சட்டை நனையாது, 'வியர்க்கவே இல்லையே' என்றுதான் தோன்றும். ஆனால் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டுதான் இருக்கும். குளிர்காலத்திலும் இப்படித்தான். ஆகவே தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், மணிக்கொரு முறை எல்லாரும் சேர்ந்து குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு மூக்கு உள்ளே வறண்டு ரத்தம் வரலாம். படுக்கப்போகும் முன் மூக்கு நுனியிலும் உதட்டிலும் கொஞ்சம் வாசலின் தடவினால் போதும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலரைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

அடுத்தது குளிர். 'பாலைவனம்தானே, வெயிலுக்குத் தொப்பி எடுத்துப்போனால் போதும்' என்று நினைத்து வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சூரியன் மறைந்த பிறகு தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. நம் ஊரில் காற்றிலுள்ள ஈரமும் மேகமும் அந்த வெப்பத்தில் பெரும்பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அங்கே பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. டிசம்பர் பிற்பாதியிலும் ஜனவரியிலும் ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பக்கம் பகலில் 24, 25 டிகிரி இருக்கும், விடியற்காலையில் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். சில நாள் அதற்கும் கீழே போகும். துபாய்ப் பக்கம் இவ்வளவு குளிர் இல்லை, இருந்தாலும் மணலில் இரவு 12, 13 டிகிரி என்பது நம் பிள்ளைகள் பழகாத குளிர். வாடி ரம்மில் சில இரவுகள் உறைநிலைக்குப் பக்கத்திலேயே போய்விடும். ஒரே ஒரு தடித்த கோட்டை நம்பாமல், உள்ளே ஒன்று நடுவில் ஒன்று மேலே ஒன்று என்று மூன்று அடுக்கு உடுத்துங்கள். காதை மூடும் குல்லா, காலுறை இரண்டு ஜோடி. முகாமில் வெந்நீர்ப் பை கேட்டால் கொடுப்பார்கள். அம்மாவின் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்தால் நன்றாகத் தூங்குவார். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பையை அவர் காலில் நேரடியாகப் படும்படி வைக்க வேண்டாம், துணியில் சுற்றித் தள்ளி வையுங்கள். அதே காரணத்துக்காகத்தான் பகலில் அவர் வெறுங்காலில் மணலில் நடக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

இன்னொன்று, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பையோ தணல் சட்டியையோ கூடாரத்துக்குள் கொண்டுவந்து வைக்கச் சம்மதிக்காதீர்கள். அன்போடுதான் கொண்டுவருவார்கள். மூடிய கூடாரத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். நெருப்பு வெளியே இருக்கட்டும், உள்ளே போர்வை மட்டும் போதும்.

சரி, இன்சுலின். பெட்டியில் போட்டு விமானத்தின் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். அங்கே உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். கையோடு வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவரின் கடிதமும் இருக்கட்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனாவைப் பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் போல வைத்திருக்கலாம் என்பார்கள்; உங்கள் மருந்துப் பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். நீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை கடையில் கிடைக்கிறது. அது ஆவியாதலில் குளிர்வது என்பதால் சிங்கப்பூரின் ஈரக் காற்றில் சுமாராகத்தான் வேலை செய்யும். அங்கே வறண்ட காற்றில் அருமையாக வேலை செய்யும். சர்க்கரை பார்க்கும் கருவிக்கு வெப்பம் மட்டுமல்ல, குளிரும் ஆகாது. கருவி மிகவும் குளிர்ந்துபோனால் பிழை காட்டலாம். விடியற்காலையில் காட்டினால் பதறாமல், கருவியைச் சால்வைக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இதைவிட முக்கியமானது இரவுச் சாப்பாட்டு நேரம். முகாம்களில் ஆட்டம் பாட்டெல்லாம் முடிந்து சாப்பாடு வர ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். வீட்டுப் பழக்கத்தில் ஏழரைக்கே ஊசி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். அம்மாவுக்கு மட்டும் ஏழரை மணிக்குச் சாப்பாடு வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டால் எந்த நல்ல முகாமும் மறுக்காது. தட்டு கண்ணுக்கு முன் வந்த பிறகு ஊசி. கைப்பையில் எப்போதும் கொஞ்சம் இனிப்பு. நேரக் கணக்கை மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள். இந்தியாவின் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், அமீரகம் நான்கு மணி நேரம் பின்னால்.

இனி, எந்தப் பாலைவனம் என்ற கேள்வி. படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் தரைவழித் தூரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மொரோக்கோவின் மெர்சூகா மணல்மேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 'மரகேஷிலிருந்து மூன்று நாள் பாலைவனச் சுற்றுலா' என்று விற்பார்கள். மரகேஷிலிருந்து மெர்சூகா 550 கிலோமீட்டருக்கும் மேல், அட்லஸ் மலையைத் தாண்டிப் போகும் வளைவுச் சாலை. மூன்று நாளில் இரண்டு நாள் வண்டிக்குள்ளேயே போய்விடும். முழங்கால் வலி உள்ளவருக்கு அது தண்டனை. ஓமானின் ஷர்கியா மணற்பரப்பு எனக்கு மிகவும் பிடித்தது. மஸ்கட்டிலிருந்து நல்ல சாலையில் ஏறத்தாழ மூன்று மணி நேரம், பிதியா என்ற ஊரில் இறங்கி, டயர் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலுக்குள் போக வேண்டும். கூட்டம் குறைவு. ஆனால் இங்கிருந்து வேறோர் ஊரில் விமானம் மாறிப் போவதென்றால் உங்கள் ஐந்து நாளுக்கு இறுக்கம்தான்.

அமீரகம் உங்கள் நாள் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. சாங்கியிலிருந்து ஏழு மணி நேரம் சொச்சம், விமான நிலையத்திலிருந்து மணலுக்கு ஒரு மணி நேரம் போல. ஏதாவது ஆனால் பெரிய மருத்துவமனையும் அதே ஒரு மணி நேரத்தில். நூற்றுக்கணக்கான பேர் ஒரே திடலில் உட்கார்ந்து, சத்தமான பாட்டும் நடனமும் பார்த்து, எட்டரை மணிக்கு நகரத்துக்குத் திரும்பும் மாலை நேரச் சுற்றுலாவை மட்டும் எடுக்காதீர்கள். அதில் பாலைவனம் கொஞ்சம்தான். துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி என்று 225 சதுர கிலோமீட்டரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே உள்ளே போக முடியும், வண்டிகளும் குறைவு. அரேபிய ஓரிக்ஸ் மான்கள் நடமாடுவதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பார்க்கலாம். விலை கூடுதல்தான். ஒன்று கவனம்: இங்கே மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சில மருந்துகள், குறிப்பாகக் கோடின் கலந்த இருமல் மருந்து, டிராமடால் போன்ற வலி மாத்திரைகள், அங்கே கட்டுப்படுத்தப்பட்டவை, முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. அம்மாவின் முழங்கால் வலி மாத்திரையின் பெயரைப் புறப்படும் முன் சரிபாருங்கள்.

ராஜஸ்தான் வேறு மாதிரி அனுபவம். தார் என்பது வெறும் மணல்மேடு இல்லை. உலகின் பாலைவனங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழ்வது அதில்தான். வெற்று மணல்மேடுகள் அங்கங்கேதான் இருக்கும்; மற்ற இடமெல்லாம் புதர், கம்பு விளையும் நிலம், ஆட்டு மந்தை, ஊர். படத்தில் கண்ட முடிவில்லாத மணலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். மனிதர்களைப் பார்க்கப் போனால் மனம் நிறைந்து வரும். ஜெய்சால்மரிலிருந்து மேற்கே 40 கிலோமீட்டரில் சம் மணல்மேடுகள். முகாம்கள் வரிசையாக நிற்கும், ஜீப்புகளும் ஒலிபெருக்கியும் அதிகம். தென்மேற்கே குரி என்ற ஊர். அதுவும் ஏறத்தாழ அதே தூரம்தான், ஆனால் அமைதி. என்னிடம் கேட்டால் குரிதான். அங்கே மாங்கணியார் இசைக்காரர்கள் நம் முன்னால் உட்கார்ந்து கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துப் பாடுவதைக் கேட்டால், மொழி புரியாவிட்டாலும் அம்மா எழுந்து போக மாட்டார். பரம்பரை பரம்பரையாகப் பாடும் முஸ்லிம் குடும்பங்கள் அவர்கள். தங்களை ஆதரிக்கும் இந்து வீடுகளின் கல்யாணத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் அவர்கள்தான் பாடுவார்கள். சாப்பாடும் சைவர்களுக்குத் தோதானது: கம்பு ரொட்டி, பருப்பு, கேர் சாங்ரி.

அந்தச் சாங்ரி என்பது கேஜ்ரி மரத்தின் காய். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம் வன்னி மரம்தான். விருத்தாசலம் போன்ற ஊர்களில் கோயில் தல விருட்சமாக நிற்குமே, அதே மரம். ராஜஸ்தானின் மாநில மரமும் அதுதான். 1730இல் ஜோத்பூர் பக்கம் கேஜர்லி என்ற ஊரில் அரசாங்க ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தார்கள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. அமீரகத்திலும் இதே மரத்தைக் காஃப் என்று அழைத்துத் தேசிய மரமாக வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் பிறந்து இங்கே வந்து குடியேறிய ஒரு பாட்டியை நான் அழைத்துப்போனபோது, மணலில் தனியாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வழிகாட்டி வாயைத் திறக்கும் முன்பே "இது வன்னி இல்லையா?" என்றார். அதன் பிறகு அந்தப் பாலைவனம் அவருக்கு அந்நியமாகவே இல்லை. உங்கள் அம்மாவுக்கும் இந்த மரத்தைக் காட்டுங்கள்.

ஆனால் ஜெய்சால்மருக்குப் போய்ச்சேருவதுதான் கடினம். டெல்லிக்கு ஐந்தரை, ஆறு மணி நேரம், அப்புறம் உள்நாட்டு விமானம். டிசம்பர் பிற்பாதியில் டெல்லியில் மூடுபனி விழுந்தால் காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாள் போனால் பயணமே போனதுபோலத்தான். மும்பை, அகமதாபாத் வழியாகவும் குளிர்காலத்தில் விமானங்கள் விடுவதுண்டு, பருவத்துக்குப் பருவம் அட்டவணை மாறும். ஜோத்பூர் வரை பறந்து சாலையில் போனால் ஐந்து மணி நேரம். பெரிய மருத்துவமனை என்றாலும் அதே ஜோத்பூர்தான். ஆகவே என் முடிவு இது: ஐந்து நாள்தான் என்றால் அமீரகம். ஏழு நாளாக நீட்டிக்க முடிந்து, அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவரும் சொன்னால், ஜெய்சால்மர். எதுவாக இருந்தாலும் நவம்பர் கடைசி வாரம் அல்லது டிசம்பர் முதல் வாரம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஜெய்சால்மரில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு ஆண்டு முழுவதும் ஏழு மணிக்குப் பக்கத்தில் விடிந்து, ஏழு மணிக்குப் பக்கத்தில் இருட்டும். டிசம்பரில் ஜெய்சால்மரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும், துபாயில் ஐந்தரைக்கே. முகவர் 'மாலை வருகை' என்று எழுதியிருந்தால் எத்தனை மணி என்று கேளுங்கள். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தால் மணலை வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டீர்கள். நான் எப்போதும் மூன்று மணிக்குள் கூடாரத்தில் இருக்கும்படி திட்டமிடுவேன். அம்மா ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, தேநீர் குடித்துவிட்டு வெளியே வரலாம்.

மணல்மேட்டில் ஏறுவதற்கும் வழி உண்டு. காற்று அடிக்கும் பக்கம் சரிவு குறைவு, மணலும் இறுகியிருக்கும். மறுபக்கம் செங்குத்து, கால் புதையும். எந்தப் பக்கம் எது என்று வழிகாட்டியிடம் கேட்டு, இறுகிய பக்கமாக அம்மாவை மெதுவாக நடத்துங்கள். பாதிவரை போனாலே போதும். ஒட்டகச் சவாரி அவருக்கு வேண்டாம். ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத் தூக்கும், ஆள் முன்னால் சரிவார். உட்காரும்போது முன்னங்கால்களை மடக்கும், அப்போதும் முன்னால்தான் சரிவார். பிள்ளைகளுக்கு 'ரெண்டு தடவையும் பின்னால சாயணும்' என்று சொல்லிக்கொடுத்தால் போதும், ஆனால் 68 வயது முதுகுக்கும் முழங்காலுக்கும் அந்தக் குலுக்கல் ஆகாது. ராஜஸ்தானில் ஒட்டக வண்டி கிடைக்கும், அதில் மெத்தை போட்டு உட்காரவைப்பார்கள். ஜீப்பில் மேடு மேடாகப் பாய்ந்து போகும் சவாரியிலிருந்து அம்மாவையும் 6 வயதுப் பிள்ளையையும் விலக்கிவையுங்கள். மற்றவர்கள் போவதென்றால், மணலில் இறங்கும் முன் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி டயர் காற்றைக் குறைக்கிறாரா, எல்லாருக்கும் இருக்கைவார் இருக்கிறதா என்று பாருங்கள்.

வானம் மட்டும் யார் கையிலும் இல்லை. மேகம் வந்தால் வந்ததுதான். ஆனால் நிலவு நம் கையில் இருக்கிறது. 2016இல் வெளியான உலக இரவு வான் ஆய்வு, ஒளி மாசில் உலகிலேயே முதலிடத்தில் இருப்பது சிங்கப்பூர் என்றது. இங்கே இரவு வானம் அவ்வளவு வெளிச்சம், கண் முழு இருட்டுக்குப் பழகுவதே இல்லை. உங்கள் பிள்ளைகள் உண்மையான இருட்டைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். தேக்காவில் வாங்கும் தினசரி நாட்காட்டியை எடுத்து, அமாவாசைக்கு நான்கு நாள் முன்பின்னாக அந்த இரவை வையுங்கள். விளக்கிலிருந்து விலகி, கைப்பேசியையும் அணைத்து, இருபது முப்பது நிமிடம் பொறுத்தால் கண் பழகும். டிசம்பரில் இரவு பத்து, பதினொரு மணிவாக்கில் கார்த்திகையின் ஆறு மீனும் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அதன் கிழக்கே சிவந்த ரோகிணி, இன்னும் கீழே செந்நிறத்தில் திருவாதிரை. அம்மாவுக்குத் தம் நட்சத்திரம் தெரியும், ஆனால் அதை வானத்தில் பார்த்திருக்கிறாரா என்று கேட்டுப்பாருங்கள். எங்கள் குழுக்களில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பார்த்ததில்லை.

விடியலைத் தவறவிடாதீர்கள். சாயங்காலம் முந்நூறு பேர் நிற்கும் மணல்மேட்டில் காலையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். இரவுக் காற்று பழைய தடங்களை அழித்து மணலைப் புதிதாக விரித்து வைத்திருக்கும். அதன் மேல் வண்டு போன கோடு, எலி தத்திய புள்ளிகள், சில நாள் நரியின் காலடி. நல்ல வழிகாட்டி அதைப் படித்துக் காட்டுவார். ஆகவே முகவரிடம் 'வழிகாட்டி இரவு எங்களோடு முகாமில் தங்குகிறாரா, இல்லை ஓட்டுநர் இறக்கிவிட்டுக் காலையில் வருவாரா' என்று கேளுங்கள். பல மலிவான பயணங்களில் வழிகாட்டி என்பவர் ஓட்டுநர்தான், இரவில் இருக்க மாட்டார். அம்மாவுக்கு முதல் நாளே ஒரு நாற்காலி சொல்லிவைத்து, மேட்டின் அடியில் போடச் சொல்லுங்கள்.

'சொகுசு' என்ற சொல்லுக்கு எந்த நாட்டிலும் பொது அளவுகோல் இல்லை. ராஜஸ்தானில் 'சுவிஸ் கூடாரம்' என்றால் பொதுவாகத் தடித்த துணிச் சுவர், கட்டில், ஒட்டிய குளியலறை என்று எடுத்துக்கொள்ளலாம்; அதிலும் தரம் ஏறி இறங்கும். வெந்நீர் எந்த நேரத்தில் வரும், மின்சாரம் ஜெனரேட்டரா, அதை எப்போது நிறுத்துவார்கள், மொத்தம் எத்தனை கூடாரம், ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு அடங்கும் என்றெல்லாம் எழுதிக் கேளுங்கள். போன மாதம் எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் முகவரை நம்பலாம். அவரிடம் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பயணக் காப்புறுதியில் அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய் அடங்குமா, மணல் வண்டிச் சவாரிக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று வாசித்துப்பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

ஜெய்சால்மர் எல்லை மாவட்டம். 2025 மே மாதம் இந்திய, பாகிஸ்தான் மோதலின்போது ஜெய்சால்மர், ஜோத்பூர் விமான நிலையங்களைச் சில நாள் மூடிவிட்டார்கள். மத்திய கிழக்கிலும் நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். பயணச்சீட்டு வாங்கும் முன்பும் புறப்படும் வாரத்திலும் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் பாருங்கள், இணையத்தில் பெயரையும் பதிந்துவிட்டுப் போங்கள். ட்ரோன் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இந்தியாவுக்கு இ-விசா எடுக்க வேண்டும்.

கடைசியாக, அம்மாவிடம் 'வர்றீங்களா' என்று கேட்காதீர்கள், வருகிறேன் என்றுதான் சொல்வார். முகாமின் குளியலறைப் படத்தைக் காட்டி 'இது உங்களுக்குச் சரிப்படுமா' என்று கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். முகவர் எந்த முகாம் என்று சொன்னதும் அந்தப் படங்களையும் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்களையும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.